உப்புக் காற்றில் ஸ்போர்ட்ஸ் பைக்: எடுப்பதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் தீவு தொடங்கி மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி வரை கரையோரத்தில் இருக்கும் தம்பிகள் புது ஸ்போர்ட்ஸ் பைக் எடுக்கும் முன் கேட்கிற கேள்விகள் இவை. பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் ரிவ்யூ நமக்குப் பாதிதான் பொருந்தும். இங்கே காற்றில் உப்பு, தண்ணீரில் உப்பு, ரோட்டில் மணல். அதை மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு புது ஸ்போர்ட்ஸ் பைக் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் "அது மக்கர் பண்ணும்" என்கிறார்கள். எடுக்கலாமா?

என்ன மக்கர் என்று கேளுங்கள். பொதுவாகச் சொல்கிறவரிடம் "உங்களிடம் அந்த வண்டி இருக்கிறதா, எவ்வளவு ஓடியிருக்கிறது, எந்த மாதத் தயாரிப்பு" என்று கேட்டால் பல பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். வண்டியை வைத்திருப்பவர் அப்படிப் பேசமாட்டார். "இரண்டாவது கியரில் மெதுவாகப் போனால் திக்கித் திக்கிப் போகும், ஆறாயிரம் ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) கைப்பிடி அதிரும், மழையில் நனைந்தால் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரியும்" என்று பிட்டுப் பிட்டு வைப்பார். அந்தப் பேச்சுதான் வேண்டும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். குறையுள்ள வண்டியை எடுக்கலாம். ஆனால் அந்தக் குறை என்னவென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதற்கான பாகமும் சரிசெய்யத் தெரிந்த கையும் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும். இது இரண்டும் அமையாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் கரைக்கு வேண்டாம்.

எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்?

தொடையில் சூடு அடிப்பது, ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் கண்ணாடி நடுங்குவது, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே எப்போதாவது கியர் விழாமல் போவது, முதல் கியரில் குலுக்கல், கல் மாதிரி சீட். இவையெல்லாம் பழகிவிடும். பழகாவிட்டாலும் வண்டி உங்களை நடுரோட்டில் விடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைவது, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) காரணம் தெரியாமல் குறைவது, ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக்) ஆயில் சீல் மாற்றி மாற்றிக் கசிவது, பிரேக் லீவர் ஒரு நாள் இறுக்கமாகவும் ஒரு நாள் தளர்வாகவும் இருப்பது – இவற்றில் ஒன்று அந்த மாடலில் பலருக்கும் வருகிறது என்றால் காத்திருங்கள். பாம்பன் பாலத்தில் பின்னால் பஸ் வரும்போது இன்ஜின் நின்றால் ஒதுங்க இடம் குறைவு. இதில் சமரசமே கூடாது.

முதல் வருட மாடலை எடுக்கவே கூடாதா?

அவசரம் இல்லையென்றால் ஒரு வருடமாவது பொறுப்பது நல்லது. டிவிஎஸ் அபாச்சி ஆர்ஆர் 310-ஐயே பாருங்கள். பிஎம்டபிள்யூவுடன் சேர்ந்து உருவாக்கிய 312 சிசி இன்ஜினோடு 2017 டிசம்பரில் வந்தது. முதலில் வந்த வண்டிகளில் அதிர்வு அதிகம் என்ற புகார் பரவலாக இருந்தது. 2019-இல், சட்டென்று கியர் குறைத்தாலும் பின் சக்கரம் இழுபடாமல் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் சேர்த்தார்கள். 2020-இல் வந்த பிஎஸ்6 (புது புகை விதிப்படியான) மாடலில் ரைடு மோடுகளும் புதுத் திரையும் வந்தன, ஓட்டமும் மென்மையானது. பெயர் ஒன்றுதான், ஆனால் 2018-இல் எடுத்தவருக்கும் 2020-இல் எடுத்தவருக்கும் கிடைத்த வண்டி வேறு வேறு. அதனால் ஒரு மாடலைப் பற்றிய பழைய புகாரைப் படிக்கும்போது அது எந்த வருட வண்டி என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று: ரீகால் அறிவித்தாலே மட்டமான கம்பெனி என்று நினைக்க வேண்டாம். 2021 மே மாதம் இக்னிஷன் காயில் கோளாறுக்காக ராயல் என்ஃபீல்டு சுமார் 2.37 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தது. குறையை வெளியே சொல்லிச் சரிசெய்வது நல்லதுதான். நீங்கள் கேட்க வேண்டியது, "எனக்குத் தரப்போகும் சேசிஸ் நம்பருக்கு அந்த வேலை முடிந்துவிட்டதா" என்பதுதான்.

ஓடும்போதே ஆஃப் ஆனால் ஈசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்று அர்த்தமா?

கரையோரத்தில் பெரும்பாலும் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது.

இன்றைய ஸ்போர்ட்ஸ் பைக்கில் சின்னச் சின்ன சுவிட்சும் சென்சாரும் நிறைய. சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சக்கரத்தின் வேகத்தைப் பார்க்கும் ஏபிஎஸ் சென்சார் எல்லாமே ஈசியுவோடு பேசுகின்றன. ஒவ்வொரு ஒயரும் ஒரு கப்ளரில் (ஒயரை இணைக்கும் பிளக்) போய்ச் சேர்கிறது. கப்ளருக்குள் உப்பு ஈரம் போனால் செம்புப் பின்னில் பச்சை பூக்கும். கழற்றிப் பார்த்தால் பச்சைப் பொடி விரலில் ஒட்டும். சைடு ஸ்டாண்டு சுவிட்ச் ரோட்டை ஒட்டியே இருப்பதால் மணலும் உப்புத் தண்ணியும் முதலில் அதைத்தான் பிடிக்கும். அந்த சுவிட்ச் ஒரு கணம் தொடர்பை விட்டாலும், "ஸ்டாண்டு கீழே இருக்கிறது, கியரும் விழுந்திருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு ஈசியு இன்ஜினை அணைத்துவிடும். குழியில் இறங்கும்போது ஆஃப் ஆகி, உடனே ஸ்டார்ட் ஆகிறதென்றால் சந்தேகம் முதலில் அங்கே போக வேண்டும்.

ஆகவே "ஈசியு மாற்றணும்", "ஒயரிங் கிட் முழுசா மாற்றணும்" என்று யாராவது சொன்னால், முதலில் கப்ளர்களைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் வந்த எரர் கோடை எழுதித் தரச் சொல்லுங்கள். கோடை அழித்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று அனுப்பினால் ஏற்காதீர்கள். புது வண்டி எடுத்தவுடனேயே வெளியே தெரியும் கப்ளர்களுக்கு அந்த கிரீஸைப் போட்டுத் தரச் சொல்வது இன்னும் நல்லது. செலவு மிகக் குறைவு.

ரொம்பச் சூடாகிறது என்கிறார்களே, நம் வெயிலுக்குத் தாங்குமா?

தாங்கும். ஆனால் எது சாதாரணச் சூடு, எது ஆபத்து என்று தெரிய வேண்டும். லிக்விட் கூல்டு வண்டிகளில் பொதுவாகக் கூலன்ட் 100 டிகிரியை ஒட்டிப் போகும்போது ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ ராமேஸ்வரத்தில் ரத வீதிப் பக்கம் வண்டியோடு மாட்டினால் ஃபேன் நிற்காமல் ஓடும், கால் பொரியும். ஃபேன் ஓடி, சூடு இறங்கினால் கவலை இல்லை. ஃபேன் ஓடியும் சூடு ஏறிக்கொண்டே போனால், அல்லது ஃபேன் சத்தமே கேட்கவில்லை என்றால், ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

நம் ஊரில் வரும் சிக்கலுக்கு வெயிலைவிட உப்புதான் காரணம். ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகள் மெல்லியவை. உப்பு படிந்து வெள்ளையாகப் பூத்து உதிர ஆரம்பித்தால் சூடு வெளியேறாது. முன் சக்கரம் வாரியடிக்கும் மணல் தகடுகளை மடக்கி இடுக்கை அடைக்கும். முன்னால் ஒரு ரேடியேட்டர் கார்டு போடுங்கள். வாட்டர் பம்ப் மூடியின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் கசிந்தால் கூலன்ட் சொட்டு சொட்டாக அந்த வழியாக வரும். மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த பச்சை அல்லது ரோஸ் நிறக் கறை இருந்தால் வாரண்டிக்குள்ளேயே காட்டிவிடுங்கள்.

வீட்டில் போர் தண்ணி உப்பு. அதில்தான் வண்டி கழுவுகிறோம். பரவாயில்லையா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். உண்மையில் வண்டியின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

உப்புத் தண்ணியில் கழுவி வெயிலில் காயவைத்தால், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வண்டியிலேயே தங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஃபேரிங் என்கிற பிளாஸ்டிக் உறை மூடியிருப்பதால் உள்ளே போன தண்ணீர் காய நேரமாகும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே போல்ட் எல்லாம் துருப்பிடித்து, அலுமினியத்தோடு சேரும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கழற்றும்போது போல்ட் முறியும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் ஒரு வாளி நல்ல தண்ணி எடுத்து வையுங்கள். நிறைய தண்ணியை உப்போடு ஊற்றுவதைவிட, ஒரு வாளி நல்ல தண்ணியில் நனைத்த துணியால் துடைப்பது மேல். வேறு வழியில்லாமல் போர் தண்ணியில் கழுவினால் கடைசி அலசலாவது நல்ல தண்ணியில் இருக்கட்டும்.

ரேடியேட்டரில் போர் தண்ணியை ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வீட்டில் வையுங்கள்; பேட்டரிக் கடையிலேயே கிடைக்கும்.

கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்த அன்றே ஃபோர்க்கின் பளபளப்பான குழாயை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். அந்தக் குழாயில் புள்ளி புள்ளியாகத் துரு பிடித்தால் அது ஆயில் சீலை அறுக்கும். எத்தனை சீல் மாற்றினாலும் கசியும். கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. செயினுக்கு மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும், பெட்ரோல் வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கெடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபேரிங்கைக் கழற்றி உள்ளே துடைத்து, போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவிப் பூட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கவரைப் போட்டு இறுக்கிக் கட்டுவதால் ஈரம் உள்ளேயே நிற்கும். காற்றுப் போகும் துணிக் கவர், மேலே ஒரு கூரை, அதுதான் சரி.

சர்வீஸ் சென்டர் மதுரையில்தான் இருக்கிறது. சிரமமா?

சிரமம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். போய்வர 340. சர்வீஸுக்குப் போனால் பரவாயில்லை, அது ஒரு ரைடு. பாகம் வரவில்லை, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றால் பஸ்ஸில் திரும்பி, மறுபடி பஸ்ஸில் போய் எடுத்து வர வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் சம்பளம் போச்சு.

சில பிராண்டுகளுக்கு ராமநாதபுரம் டவுனிலேயே ஆள் இருக்கிறார்கள், சிலவற்றுக்கு இல்லை. ஷோரூமில் கேட்பதைவிட சர்வீஸ் பக்கம் போய், "கிளட்ச் கேபிள், பிரேக் பேட், கூலன்ட் ஹோஸ், ஃபோர்க் சீல் கையிருப்பில் இருக்கிறதா, ஆர்டர் போட்டால் எத்தனை நாள்" என்று கேளுங்கள். அங்கே காத்திருக்கும் வாடிக்கையாளர் இரண்டு பேரிடமும் பேசுங்கள். ரோட்டோர உதவித் திட்டத்தில் வண்டியை இலவசமாக எத்தனை கிலோமீட்டர் தூக்கிவருவார்கள் என்பதையும் எழுத்தில் பாருங்கள். தங்கச்சிமடத்தில் நின்ற வண்டிக்கு ஐம்பது கிலோமீட்டர் இலவசம் என்றால் மதுரை எட்டவே எட்டாது.

அப்படியானால் நம் பக்கத்துக்கு எது ஒத்துவரும்?

பாகம் எங்கும் கிடைக்க வேண்டுமென்றால் யமஹா ஆர்15 பாதுகாப்பான தேர்வு. கூலன்ட் தொல்லையே வேண்டாம் என்றால் சுசுகி ஜிக்சர் எஸ்எஃப் 250. அது ஆயில் கூல்டு, வாட்டர் பம்பே கிடையாது. அதற்கு மேலே போகிறவர்கள் அபாச்சி ஆர்ஆர் 310, கேடிஎம் ஆர்சி 390, ஏப்ரிலியா ஆர்எஸ் 457 என்று பார்க்கிறார்கள். ஏப்ரிலியா மகாராஷ்டிரத்தின் பாராமதியில் தயாராகிறது, இரட்டை சிலிண்டர், ஓட்டினால் இறங்க மனம் வராது. ஆனால் மேலே சொன்ன தூரக் கணக்கை அதற்குத்தான் முதலில் போட வேண்டும்.

கம்பெனியே சிக்கலில் இருந்தால்?

2024 நவம்பரில் ஆஸ்திரியாவின் கேடிஎம் கடன் தாங்காமல் திவால் நடைமுறைக்குப் போனபோது இங்கேயும் பலர் பயந்தார்கள். 2025-இல் பஜாஜ் பணம் போட்டு அதைத் தூக்கி நிறுத்தியது. நாம் எடுக்கும் சின்ன கேடிஎம் வண்டிகள் முன்பிருந்தே புனே அருகே சாக்கனில் பஜாஜ் தயாரிப்பவைதான். வெளிநாட்டுப் பெயருள்ள எந்த வண்டிக்கும், இங்கே யார் தயாரிக்கிறார்கள், பாகம் எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியம்.

கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, மீதிக்கு இஎம்ஐ. சரிவருமா?

ஷோரூம் விலையை மட்டும் பார்க்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புது இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம். மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 36,000. இன்சூரன்ஸ் தனி. ஃபேரிங் வண்டிக்கு ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத இன்சூரன்ஸ்) கட்டாயம் எடுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள், நின்ற இடத்தில் சாய்ந்தாலே ஒரு பேனல் உடையும்.

கடல் வருமானத்தில் இருக்கும் குடும்பம் என்றால் இன்னொன்றும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு நிற்கும், இஎம்ஐ நிற்காது. அந்த இரண்டு மாதத் தவணையை முன்பே தனியாக எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் அப்பா தயங்கினால் பெரும்பாலும் இதை நினைத்துத்தான் தயங்குகிறார். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள்.

சவுதியில் வேலை. லீவில் வரும்போது ஓட்ட ஒன்று எடுத்து வைக்கலாமா?

வேண்டாம் என்றே சொல்வேன். பத்து மாதம் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பிரேக் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வாரண்டி நாளும் சும்மா கழியும். ஏற்கெனவே எடுத்துவிட்டால் தம்பியிடமோ மச்சானிடமோ கொடுத்து வாரம் ஒரு முறை இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது போதாது.

பாம்பன் பாலத்துக் காற்றில் ஃபேரிங் வண்டி தள்ளாடுமா?

தள்ளும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் நன்றாகவே தள்ளும். பக்கத்தில் இருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். பஸ்ஸை முந்தும்போது அதன் மறைவில் காற்று இருக்காது, தாண்டிய அடுத்த நொடி மொத்தமாக அறையும். கைப்பிடியை இறுக்காமல் மெதுவாகப் போங்கள், பாலத்தில் முந்தாதீர்கள். தனுஷ்கோடி ரோட்டில் காற்று மணலை ரோட்டுக்கே கொண்டுவரும். அரிச்சல்முனை வரை நேர் ரோடு என்று முறுக்க வேண்டாம்.

கருவேல முள் டயரில் ஏறினால்?

டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் சின்னக் காற்றடிக்கும் பம்ப்பும் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.

டெலிவரி எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ரிஜிஸ்டர் ஆவதற்கு முன்பே பார்க்க வேண்டும், அதன் பிறகு மாற்றித் தருவது கடினம். படிவம் 21 என்கிற விற்பனைச் சான்றிதழில் தயாரிப்பு மாதம் இருக்கும். பல மாதம் யார்டில் நின்ற வண்டி வேண்டாம். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஃபோர்க் குழாயில் டார்ச் அடித்துப் புள்ளி தேடுங்கள். டிஸ்க்கில் லேசான துரு இருந்தால் இரண்டு பிரேக்கில் போய்விடும், பயம் வேண்டாம். இன்ஜினைச் சூடேற்றி ஃபேன் ஓடுவதைக் காதால் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வாரண்டியில் செய்யமாட்டேன் என்றால்?

முதலில் வாரண்டிப் புத்தகத்தைப் படியுங்கள். துருவுக்கும் உப்பால் வரும் சேதத்துக்கும் பொறுப்பில்லை என்று பலவற்றில் எழுதியிருக்கும். அதனால்தான் கசிவோ கோளாறோ சின்னதாக இருக்கும்போதே காட்ட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் துருவின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

ஒவ்வொரு முறையும் புகாரை உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். "மூன்றாவது கியரில் 40 வேகத்தில் இன்ஜின் அணைகிறது" என்று இருக்க வேண்டும். ஒரே குறை மூன்று ஜாப் கார்டில் வந்தால் உங்கள் பக்கம் வலுவாகிவிடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மதுரையில் வாங்கினாலும் ராமநாதபுரத்தில் போடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது, ஆனால் பிரச்சினை தொடங்கியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஜாப் கார்டு, பில், அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, வண்டியை விற்கும் வரை பத்திரமாக வையுங்கள்.